அமரோனே பாட்டிலை எந்த உணவோடு திறப்பது?

கேள்வி இதுதான்: வெரோனாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ‘அமரோனே தெல்லா வால்போலிச்செல்லா’ என்று எழுதிய ஒரு பாட்டிலைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டால், “கனமான இத்தாலியச் சிவப்பு ஒயின், மாட்டிறைச்சி ஸ்டேக்கோடு குடியுங்கள்” என்கிறார். அது சரிதானா? வேறு எந்த உணவு பொருந்தும்? நம் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்போடு வைத்துக்கொள்ளலாமா? எப்படித் திறப்பது, எப்படிப் பரிமாறுவது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேக் தவறில்லை, ஆனால் அமரோனேவுக்கு அதைவிட நல்ல துணைகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் சிறு தீயில் வெந்து தன் சாற்றிலேயே சுண்டிய இறைச்சி, அதே ஒயினில் வேகவைத்த ரிசோட்டோ என்ற குழைவான இத்தாலிய அரிசி உணவு, நன்றாக முதிர்ந்த கெட்டிச் சீஸ் ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய் தூக்கலான எதுவும் வேண்டாம். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்த ஒயினை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எதோடு சேரும் என்பது தானாகவே புரிந்துவிடும்.

வட இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில், வெரோனா நகரத்தை ஒட்டி வடக்கே விரியும் பள்ளத்தாக்குகளும் குன்றுகளும்தான் வால்போலிச்செல்லா. மேற்கே கார்தா ஏரி, வடக்கே லெசீனியா மலைகள். ஏரி குளிர்காலத்தின் கடுமையைக் குறைக்கிறது. மலைக்காற்று திராட்சைக்குப் பூஞ்சை பிடிக்காமல் காக்கிறது. நெக்ரார், மரானோ, ஃபுமானே, சந்தாம்ப்ரோஜோ, சான் பியேத்ரோ இன் கரியானோ ஆகிய ஐந்து ஊர்கள்தான் இதன் பழைய மையம். உங்கள் பாட்டிலில் ‘கிளாசிகோ’ என்ற சொல் இருந்தால், திராட்சை இந்த ஐந்து ஊர்களின் எல்லைக்குள் விளைந்தது என்று பொருள். அந்தச் சொல் இல்லாததால் மட்டும் ஒயின் மட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். கிழக்குப் பள்ளத்தாக்குகளிலும் மிகச் சிறந்த தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

அமரோனே ஒரே வகைத் திராட்சையில் செய்யப்படுவதில்லை. அது ஒரு கலவை. சட்டப்படி அதில் கொர்வீனா என்ற திராட்சை 45 முதல் 95 சதவீதம் வரை இருக்க வேண்டும். அந்தக் கொர்வீனாவின் பங்கில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கொர்வினோனே என்ற வகையைச் சேர்க்கலாம். ரோந்தினெல்லா 5 முதல் 30 சதவீதம். மீதிக்கு, அனுமதிக்கப்பட்ட வேறு சில உள்ளூர் வகைகள். கொர்வீனாதான் செர்ரிப் பழ வாசனையையும் கூர்மையான புளிப்பையும், கடைசியில் நாக்கில் நிற்கும் வாதுமைக் கசப்பையும் கொடுக்கிறது. கொர்வினோனேவை நெடுங்காலம் கொர்வீனாவின் பெரிய வடிவம் என்றே எண்ணியிருந்தார்கள். பின்னர்தான் அது தனி வகை என்று உறுதியானது. அதன் துவர்ப்பு சற்றுக் கூடுதல். ரோந்தினெல்லா சுவையில் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் நோய் தாங்கும், ஆண்டு தவறாமல் காய்க்கும், கெடாமல் உலரும். விவசாயிகள் அதைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.

இந்த மூன்றில் எதுவுமே இயல்பில் கனமான திராட்சை இல்லை என்பதைக் கவனியுங்கள். இதே திராட்சைகளைப் பறித்தவுடன் பிழிந்து செய்வதுதான் சாதாரண வால்போலிச்செல்லா. வெளிர் சிவப்பில், மதிய உணவோடு இரண்டு டம்ளர் குடிக்கக்கூடிய இலேசான ஒயின். அதே தோட்டம், அதே கொடி. அதிலிருந்து 15, 16 சதவீத ஆல்கஹால் கொண்ட, கண்ணாடிக் கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழியும் ஒரு ஒயின் எப்படி வருகிறது என்றால், பிழிவதற்கு முன் திராட்சையை உலர்த்துவதால் வருகிறது.

செப்டம்பர் மத்தியிலிருந்து அக்டோபருக்குள், மணிகள் நெருக்கமாக இல்லாத, இடையில் காற்று புகக்கூடிய கொத்துகளை மட்டும் கையால் வெட்டி எடுக்கிறார்கள். ஒரு மணி நசுங்கினாலும் அந்தக் கொத்து முழுவதும் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் இயந்திர அறுவடைக்கு இங்கே இடமில்லை. கொத்துகளை ஒற்றை அடுக்காக, முன்பெல்லாம் மூங்கில் தட்டிகளிலும் இப்போது பெரும்பாலும் ஆழமில்லாத பெட்டிகளிலும் பரப்பி, காற்றோட்டமான மாடி அறைகளில் அடுக்கி வைக்கிறார்கள். மூன்று முதல் நான்கு மாதம் அவை அங்கேயே இருக்கும். ஈரக்காற்று வீசினால் சன்னலை மூடுவார்கள், வறண்ட காற்று வந்தால் திறப்பார்கள். பல இடங்களில் இப்போது அந்த வேலையை மின்விசிறிகளும் ஈரப்பதம் அளக்கும் கருவிகளும் செய்கின்றன. இடையிடையே ஆட்கள் வந்து, கெட்டுப்போன மணிகளைப் பொறுக்கி எறிவார்கள்.

ஜனவரியில் அந்த மாடியில் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் எடைக்குறைவு உடனே தெரியும். காம்பு பழுப்பேறிக் குச்சியாகிவிட்டிருக்கும். மணியின் தோல் சுருங்கியிருக்கும். ஆனால் கடையில் விற்கும் உலர் திராட்சை அளவுக்கு வற்றியிருக்காது. விரலால் அழுத்தினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். வாயில் போட்டால் முதலில் பாகு போன்ற இனிப்பு, அதைத் துரத்திக்கொண்டு ஒரு புளிப்பு, தோலை மென்றால் துவர்ப்பு. அறை முழுக்க அத்திப்பழ வாசனை நிறைந்திருக்கும். இதற்குள் திராட்சை தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். சட்டப்படி, பறித்தபோது 100 கிலோ இருந்த திராட்சையிலிருந்து கடைசியில் எடுக்கக்கூடிய அமரோனே அதிகபட்சம் 40 லிட்டர்தான். வழக்கமான சிவப்பு ஒயினுக்கு இது ஏறத்தாழ 70 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

பிறகு நடுக் குளிரில் பிழிந்து நொதிக்க விடுகிறார்கள். குளிரும் மிகுதியான சர்க்கரையும் ஈஸ்ட்டுக்குக் கடினமான சூழல். ஆகவே நொதித்தல் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். அது முழுமையாக நடந்து சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துபோனால் கிடைப்பது அமரோனே. நடுவில் நிறுத்தி இனிப்பை விட்டுவைத்தால் கிடைப்பது ரெச்சோத்தோ. அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டு மரப் பீப்பாயிலும் பாட்டிலிலும் முதிர்ச்சி. ‘ரிசெர்வா’ என்று போட்டிருந்தால் நான்கு ஆண்டு. ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

வரலாற்றில் மூத்தது இனிப்பான ரெச்சோத்தோதான். 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத் அரசர்களிடம் உயர் அதிகாரியாக இருந்த காஸியோடோரஸ், அரச விருந்துக்காக வெரோனாப் பகுதியின் ஒயினைத் தேடி வாங்கும்படி எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. திராட்சையைக் குளிர்காலம் வரை வைத்திருந்து பிழியும் முறையை அதில் விவரிக்கிறார். அதன் அடர்த்தியைப் பற்றி அவர் சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது: சதைப்பற்றுள்ள திரவம் என்றோ, உண்ணத்தக்க பானம் என்றோதான் அதைச் சொல்லத் தோன்றுமாம். 1,500 ஆண்டுக்கு முன் எழுதிய அந்த மதிப்பீடு அமரோனேவுக்கும் அப்படியே பொருந்துகிறது. இது தாகத்துக்குக் குடிக்கும் ஒயின் இல்லை. தட்டிலுள்ள உணவைப் போல இதுவும் வாயை நிறைக்கும் ஒரு பதார்த்தம்.

இனிப்பில்லாத அமரோனே தனிப் பெயரோடு வெளியே வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1936-இல் நெக்ரார் கூட்டுறவு ஒயின் கிடங்கில் மறந்துபோன ஒரு ரெச்சோத்தோப் பீப்பாய் முழுதும் நொதித்து இனிப்பை இழந்திருந்தது என்றும், அதைச் சுவைத்த கிடங்குத் தலைவர் அதெலினோ லுக்கேஸே அதற்கு அமரோனே என்று பெயரிட்டார் என்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள். 1950-களில் பொல்லா, பெர்த்தானி போன்ற நிறுவனங்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1968-இல் அரசின் தரச்சான்று. 2010-இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்றான டிஓசிஜி.

இனி உணவுக்கு வருகிறேன். ‘கனமான ஒயின்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று துவர்ப்பால் வரும் கனம். பியெமோந்தே மாநிலத்தின் பரோலோ அப்படிப்பட்டது. இளமையில் குடித்தால் ஈறு இழுத்துப் பிடிக்கும். அதற்குச் சதையும் கொழுப்பும் வேண்டும், ஏனென்றால் துவர்ப்புப் பொருள்கள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. இறைச்சி இருந்தால் அவை உமிழ்நீரை விட்டுவிட்டு அதைப் பற்றிக்கொள்கின்றன. ஸ்டேக்கும் சிவப்பு ஒயினும் என்ற விதி இங்கிருந்து வந்தது. அமரோனேவின் கனம் வேறு. அதில் துவர்ப்பு உண்டு, ஆனால் அது முன்னால் வந்து நிற்பதில்லை. ஆல்கஹாலும், உலர்ந்ததால் செறிந்த பழச்சாறும், வழவழப்பும்தான் வாயை நிறைக்கின்றன. சர்க்கரை லிட்டருக்குச் சில கிராம் மட்டுமே மிஞ்சியிருந்தாலும் ஓர் இனிப்பு உணர்வு வருகிறது. உலர்ந்த செர்ரி, அத்தி, கொக்கோ, புகையிலை, கடைசியில் இலேசான கசப்பு.

அப்படிப்பட்ட ஒயினுக்கு முன்னால், வெளியே கருக்கி உள்ளே சிவப்பாக வைத்த ஸ்டேக் மெலிந்துபோகிறது. அதன் சாறு நீர்த்தன்மையானது, சுவை நேரடியானது. ஒயின் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மாறாக, அதே மாட்டிறைச்சியை மூன்று நான்கு மணி நேரம் வெங்காயம், கேரட், ஒயின், இலவங்கம், பட்டை, பிரிஞ்சி இலையோடு வேகவைத்தால் தசையின் பசைத்தன்மை கரைந்து குழம்பில் இறங்குகிறது. வெங்காயத்தின் இனிப்பு சுண்டிக் கருமையாகிறது. உலர்த்துதல் திராட்சைக்குச் செய்ததைத்தான் சிறு தீ அந்தக் குழம்புக்குச் செய்கிறது. இரண்டும் ஒரே எடையில், ஒரே வேகத்தில் வாயில் நகர்கின்றன. ஆகவே அமரோனேவுக்கு உணவு தேடும்போது இறைச்சியின் வகையைவிடக் குழம்பின் தன்மையை முதலில் பார்க்கச் சொல்வேன். மாடு, மான், காட்டுப்பன்றி, முயல், வாத்து எதுவாகவும் இருக்கட்டும். குழம்பு கரண்டியின் முதுகில் படிய வேண்டும்.

வெரோனாவில் இந்த வகைக்கு இரண்டு புகழ்பெற்ற உணவுகள் உண்டு. ஒன்று, மாட்டின் தோள்பட்டைக் கறியை அமரோனேவில் வேகவைக்கும் பிரஸாதோ. மற்றது பாஸ்டிஸாடா, குதிரை இறைச்சியை ஒயினிலும் மசாலாவிலும் ஊறவைத்து, நூல் நூலாகப் பிரியும் வரை வேகவைப்பது. 489-இல் வெரோனாவுக்கு அருகே கோத் அரசன் தியோடோரிக்குக்கும் அப்போது இத்தாலியை ஆண்ட ஓடோஅக்கருக்கும் நடந்த போரில் இறந்த குதிரைகளிலிருந்து பிறந்த உணவு அது என்பது ஊர்வழக்கு. போர் உண்மை, உணவின் பிறப்பு கதையாகவே இருக்கட்டும். குதிரை வேண்டாதவர்களுக்காக மாட்டிறைச்சியிலும் செய்கிறார்கள். இரண்டுக்கும் கீழே மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டிய பொலெந்தா இருக்கும். அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒயினும் குழம்பும் இரண்டும் அழுத்தமாக இருக்கும்போது நாக்கு இளைப்பாற ஒரு சப்பென்ற இடம் தேவை. பொலெந்தா இல்லாவிட்டால் மசித்த உருளைக்கிழங்கு.

சமையலுக்கு எந்த ஒயினை ஊற்றுவது என்ற சந்தேகம் இங்கே எழும். நான்கு மணி நேரம் கொதிக்கும் பாத்திரத்தில் விலையுயர்ந்த அமரோனேவை ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு நேரத்தில் அதன் நுட்பமெல்லாம் ஆவியாகிவிடும். புளிப்பும் நிறமும் கொஞ்சம் துவர்ப்பும்தான் மிஞ்சும். அதற்குச் சாதாரண வால்போலிச்செல்லாவே போதும். அமரோனேவைக் கோப்பையில் குடியுங்கள்.

ரிசோட்டோவுக்கு இது பொருந்தாது. அதன் கதை வேறு, நானும் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வெரோனாவின் தெற்குச் சமவெளியில், ஈஸோலா தெல்லா ஸ்காலா என்ற ஊரைச் சுற்றி வயல்களில் வியலோனே நானோ என்ற குட்டை நெல் விளைகிறது. அரிசி சற்றுக் குண்டானது. வேகும்போது வெளியே மாவு கரைந்து குழம்பு கெட்டியாகும், நடுவில் ஒரு சின்ன உறுதி மிஞ்சும். 1996 முதல் அதற்கு ஐரோப்பியப் புவிசார் பெயர் பாதுகாப்பு இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் கார்னரோலியோ அர்போரியோவோ போதும். பாஸ்மதியில் இது வராது. அந்த அரிசி குழையும் தன்மைக்காக வளர்க்கப்பட்டதே இல்லை.

நான்கு பேருக்கு 320 கிராம் அரிசி, அரை பாட்டிலுக்குச் சற்றுக் குறைவாக அமரோனே. வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, கிடைத்தால் நல்லி எலும்பின் மஜ்ஜையில் ஒரு கரண்டி சேருங்கள். கழுவாத அரிசியை அதில் கொட்டி, தொட்டால் சுடும் வரை வறுக்க வேண்டும். பிறகு தனியே சூடாக்கிய ஒயினை இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். குளிர்ந்த ஒயினை ஊற்றினால் அரிசி அதிர்ந்து வேகாமல் நிற்கும். ஒயின் வற்ற வற்ற அரிசி ஊதா கலந்த செம்மண் நிறத்துக்கு வரும். ஆல்கஹாலின் காரநெடி போய்ப் பழவாசனை மட்டும் மேலே எழும் நேரத்தில், கொதிக்கும் எலும்புச் சாற்றைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கத் தொடங்கலாம். ஒயின் ஊற்றியதிலிருந்து ஏறத்தாழ கால் மணி நேரம். அடுப்பிலிருந்து இறக்கியபின் குளிர்ந்த வெண்ணெயும் துருவிய சீஸும் போட்டு வேகமாகக் கலக்குங்கள். தட்டில் வைத்துச் சாய்த்தால் அது அலை போல நகர வேண்டும் என்பது வெனெத்தோக்காரர்களின் அளவுகோல். பொங்கல் போலக் குவிந்து நின்றால் இன்னும் ஒரு கரண்டி எலும்புச் சாறு தேவை.

இவ்வளவு குறுகிய நேரத்தில் வேகும் உணவில் ஒயினின் பழமும் கசப்பும் அழியாமல் தங்கிவிடுகின்றன. அதனால்தான் இதில் உண்மையான அமரோனேவே வேண்டும் என்கிறேன். கோப்பையில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒரே சரக்கு. வெண்ணெயும் சீஸும் இடையில் நின்று மென்மையாக்குகின்றன. வெரோனாவுக்குப் போகும் வாய்ப்பு வந்தால் நகரின் பழைய பகுதியிலுள்ள சிறு உணவகங்களில் முதலில் கேட்க வேண்டிய உணவு இதுதான்.

இப்போது சீஸ். ஒரு பாட்டிலுக்கு ஒரே ஒரு துணையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இறைச்சியைக்கூட விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன். லெசீனியா மலையில் செய்யப்படும் மோந்தே வெரோனேஸே என்ற பசும்பால் சீஸில் இரண்டு வகை உண்டு: இளசாக விற்கும் மென்மையான வகை, மாதக்கணக்கில் முதிரவிடும் ‘தல்லேவோ’. அமரோனேவுக்கு முதிர்ந்ததுதான் வேண்டும். அது கிடைக்காத ஊரில் 24 மாதத்துக்கு மேல் முதிர்ந்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ கிடைக்கும். அதைக் கத்தியால் சீவாமல் முனையால் குத்தி உடைத்தால் கரடுமுரடான துண்டுகளாக விழும். மெல்லும்போது பல்லில் நறநறக்கும் வெண்புள்ளிகள் புரதம் உடைந்து உருவான படிகங்கள், முதிர்ச்சியின் அடையாளம். அதன் கொழுப்பு ஆல்கஹாலின் சூட்டைத் தணிக்கிறது, உப்பு ஒயினின் கசப்பை அடக்குகிறது, ஒயினின் பழச்சுவை உப்பை நிறைவாக்குகிறது. ஒரு துளி செஸ்ட்நட் தேன் சேர்த்தால் இன்னும் நல்லது. காரமான நீலப்பூஞ்சைக் கொர்கொன்ஸோலாவும் பொருந்தும். ஆனால் அளவு மீறினால் அது ஒயினைத் தின்றுவிடும்.

இத்தாலியர்கள் இந்த வகை ஒயினைத் ‘தியான ஒயின்’ என்றும் சொல்வதுண்டு. சாப்பாடு முடிந்தபின் அவசரமில்லாமல் தனியே குடிப்பது என்ற பொருளில். விருந்தின் தொடக்கத்தில் இதைத் திறந்தால் பின்னால் வரும் எதுவும் சுவைக்காது. ஆகையால் கடைசி உணவோடு, அல்லது அதற்கும் பிறகு சீஸோடு, மேசைக்கு வரட்டும்.

சைவம் மட்டும் உண்பவர்களுக்கு வழி இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கிய காளானைப் பொலெந்தாமேல் போட்டுச் சாப்பிட்டால் அது பிரஸாதோவுக்கு வெகு அருகில் வருகிறது. வெரோனாவின் சிவப்பு ரதிக்கியோ கீரையின் கசப்பு, ஒயினின் கசப்போடு கைகோக்கும். அதை வதக்கி ரிசோட்டோவில் சேர்ப்பது அங்கே வழக்கம். அண்டை ஊரான மாந்தோவாவில் செய்யும் பூசணிக்காய் அடைத்த பாஸ்தா, சேஜ் இலையும் உருகிய வெண்ணெயும் ஊற்றியது, இன்னொரு நல்ல தேர்வு. எலும்புச் சாற்றுக்குப் பதில் உலர்ந்த காளானை ஊறவைத்த நீர் போதும். ஒரு எச்சரிக்கை: நான் சொன்ன இத்தாலியச் சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. அது கூடாதவர்கள் தாவர உறைபொருளில் செய்த கெட்டிச் சீஸைக் கேட்டு வாங்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மீன் வேண்டாம். வினிகர் ஊற்றிய சாலட் வேண்டாம். தக்காளி மிகுந்த பாஸ்தாவின் புளிப்பு, ஒயினின் ஆல்கஹாலைப் பிரித்துக் காட்டிவிடும். சாக்லேட்டோடு குடிக்கச் சொல்பவர்கள் பலர். 80 சதவீதக் கசப்புச் சாக்லேட் ஒரு துண்டு பரவாயில்லை. இனிப்பு கூடினால் அமரோனே புளித்துக் கசந்ததுபோலத் தோன்றும். இனிப்புக்கு முன்னால் வைக்க வேண்டியது அதன் மூத்த உறவான ரெச்சோத்தோதான்.

ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே தடை ஆட்டிறைச்சியால் வருவதில்லை, மிளகாயால் வருகிறது. மிளகாயின் காரம் நாக்கில் எந்த வெப்ப உணர்வு ஏற்பியைத் தூண்டுகிறதோ, அதே ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. 16 சதவீத ஒயினும் காரக்குழம்பும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பற்றவைத்து, பழமும் தெரியாது, மசாலாவும் தெரியாது, எரிச்சல் மட்டும் மிஞ்சும். கூடவே புளி இருந்தால் இன்னும் மோசம். வீட்டிலேயே செய்துதான் குடிக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம்: எலும்போடு கூடிய தொடைக்கறி, நிறையச் சின்ன வெங்காயத்தைப் பொறுமையாகக் கருஞ்சிவப்பாகும் வரை வதக்கியது, பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகு, மிளகாய்த்தூளும் புளியும் தக்காளியும் இல்லாமல், சாறு சுண்டும் வரை சிறு தீயில். மிளகைக் கண்டு தயங்க வேண்டாம். வெரோனாக்காரர்களே வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள, ரொட்டித்தூளையும் எலும்பு மஜ்ஜையையும் மிளகு தாராளமாகப் போட்டுக் காய்ச்சிய பியரா என்ற குழம்பைச் செய்கிறார்கள்.

பரிமாறும் விதம் உணவைப் போலவே முக்கியம். ‘அறை வெப்பநிலையில் குடிக்கவும்’ என்ற அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளை மனத்தில் வைத்துச் சொன்னது. 30 டிகிரி அறையில் திறந்தால் மூக்கை அண்டியவுடன் ஆல்கஹால் நெடிதான் வரும். 17, 18 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர் அறையில் இருந்த பாட்டிலாக இருந்தால், குடிப்பதற்கு முன் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இளம் ஒயினாக இருந்தால் ஓரிரண்டு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூச்சுவிட விடலாம். மிகப் பழையதானால் குடுவை தேவையில்லை. அடியில் வண்டல் இருக்கும், பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றினால் போதும். கோப்பை பெரிதாக இருக்கட்டும், ஊற்றுவது குறைவாக இருக்கட்டும்.

குறைவாக என்று சொல்வதற்கு வாசனை மட்டும் காரணமில்லை. 16 சதவீத அமரோனே 150 மில்லியில் 24 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. அது இரண்டு சிறு பெக் விஸ்கிக்கு ஏறக்குறையச் சமம். வழவழப்பாக இறங்குவதால் இது தெரியாமலே போய்விடும். ஆறு ஏழு பேர் கூடும் இரவில், ஆளுக்கு 100 மில்லி வீதம் ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொள்வதே சரியான அளவு. குடித்தவர் யாரும் வண்டி ஓட்டக் கூடாது.

அத்தனை பேர் வரும் விருந்தென்றால் அந்த ஊரின் வரிசையையே பின்பற்றலாம். முதலில் சாதாரண வால்போலிச்செல்லா. பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளோடு. அடுத்து ரிபாஸோ: அமரோனே பிழிந்த திராட்சைச் சக்கைமேல் புது வால்போலிச்செல்லாவை ஊற்றி மறுபடி நொதிக்கவிட்டது. மாஸி நிறுவனம் 1964 அறுவடையிலிருந்து செய்த கம்போஃபியோரின் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. வாத்துக்கறி சேர்ந்த பாஸ்தாவுக்கு ரிபாஸோவைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. விலையும் அமரோனேவின் பாதிகூட இருக்காது என்பதால், இந்தக் குடும்பத்தைப் பழகத் தொடங்குபவர்களுக்கு முதலில் இதையே சொல்வேன். பிறகு பிரஸாதோவும் அமரோனேவும். கடைசியில் வெரோனாவின் பந்தோரோ கேக்கும் ரெச்சோத்தோவும்.

பாட்டிலை உடனே திறப்பதா, எடுத்து வைப்பதா என்றும் தயக்கம் இருக்கலாம். நல்ல தயாரிப்பாளரின் அமரோனே 10, 20 ஆண்டு தாங்கும். ஆனால் 12 முதல் 14 டிகிரியில், இருட்டில், படுக்கவைத்திருந்தால்தான். அந்த வசதி வீட்டில் இல்லையென்றால் வரும் மழைக்காலத்திலேயே திறந்துவிடுங்கள். ஒரு கோடைக்காலம் அலமாரியில் கிடந்தாலே அதன் பழச்சுவை வெந்துபோகும். திறந்தபின் மிஞ்சியதைத் தக்கையால் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். இரண்டாம் நாள் பல அமரோனேக்கள் முதல் நாளைவிடத் திறந்து பேசும். அந்தக் கோப்பைக்கு ஒரு துண்டு பார்மிஜானோவை ஒதுக்கி வையுங்கள். நான்காம் நாளும் ஒரு டம்ளர் மிஞ்சியிருந்தால் ரிசோட்டோப் பாத்திரத்தில் ஊற்றிவிடலாம்.